காலி வீட்டில் மீன் வாசம்

விதி இப்படிச் சொன்னது: ஒரு வீட்டில் அதன் உரிமையாளரோ வாடகைக்காரரோ, உத்தரவுக்கு முந்தைய ஆறு மாதங்கள் தொடர்ந்து உண்மையாகவே குடியிருந்தால், அந்த வீட்டை அரசாங்கம் தன் தேவைக்கென்று கையகப்படுத்தக் கூடாது.

அறுபதுகளின் பம்பாயில் வீட்டுக்காகத் தவித்தவர்கள் எல்லாருக்கும் இந்த விதி தெரியும். எனக்கு வரி பிசகாமல் மனப்பாடம். மனப்பாடமாக இருந்து என்ன பயன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, செம்பூர் பங்களாவின் முன்கதவில் சர்க்கார் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. முந்தின நாள் ஒட்டியிருக்க வேண்டும். மைதாப் பசை காய்ந்து ஓரங்கள் சுருண்டிருந்தன. பசையைத் தேடி வந்த எறும்புகள், ‘பொதுநலன் கருதி’ என்ற சொற்களின் மேல் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

நாங்கள் என்றால் எங்கள் இளைஞர் மன்றம். மாதுங்காவின் குமாஸ்தாக்களும் தாராவியின் பட்டறைத் தொழிலாளிகளும் சேர்ந்த கூட்டம். வெள்ளைச் சட்டை, நீல அரைக்கால் சட்டை. என் கால்கள் அரைக்கால் சட்டைக்கு ஏற்றவை அல்ல என்றாலும், கோப்புகளோடு பழகிய குமாஸ்தாவான நான்தான் மன்றத்தின் செயலாளர்.

தலைவர் ராஜமணி நோட்டீஸைப் படித்தார். ராணுவத்தில் சில வருஷம் இருந்துவிட்டு ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். கட்டளை இடுவதில் கெட்டிக்காரர்; ஆங்கிலத்தில் எழுதிய நீண்ட வாக்கியங்களைக் கண்டால் மட்டும் தளர்ந்துவிடுவார்.

“என்ன ஓய் சொல்றான்?” என்றார் என்னிடம்.

“வீடு காலியா இருக்காம். எடுத்துக்கப் போறாளாம். ஆட்சேபணை இருந்தா எழுதணுமாம்.”

அப்போது ஸ்டேஷன் பக்கமிருந்து மன்றத்து உறுப்பினர் சண்முகமும் அவர் மனைவி பேச்சியம்மாளும் வந்தார்கள். தாராவியில் ஒரு கல்யாணத்துக்காக முந்தின நாள் போனவர்கள். பேச்சியம்மாளின் தலையில் வாடிய மல்லிகை இருந்தது.

“என்ன செகரெட்டரி சார், சினிமா நோட்டீஸா ஒட்டியிருக்காவ?” என்றாள்.

“இல்லம்மா. சர்க்கார் நோட்டீஸ். வீட்டை எடுக்கப் போறாளாம்.”

“எந்த வீட்ட?”

“இதைத்தான்.”

“நாங்க இருக்கோமே!”

“யாருமே இல்லைன்னு எழுதியிருக்கு.”

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். “நாம இல்லையாம். கேட்டீயளா?”

சண்முகம் இருமினார். தாராவியில் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை செய்து நெஞ்சில் சளி கட்டியவர் அவர். காற்றோட்டமான இடத்துக்குப் போகாவிட்டால் கஷ்டம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பங்களாவின் பின்னறையில் குடிவந்தார்கள். அவர் செம்பூரிலிருந்து ரயிலேறி வேலைக்குப் போய் வருவார். பேச்சியம்மாள் வீட்டைப் பார்த்துக்கொள்வாள். நோட்டீஸ் வந்த அந்த நாளில் அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி.

கையிலிருந்த மூட்டையை அவள் வாசற்படியில் வைத்தாள். “நான் அந்தத் தாராவிக் கோலிக்குத் திரும்பிப் போவ மாட்டேன் சார். ரெண்டு பிள்ளையளையும் அந்த ஒத்த ரூமுல, அந்தத் தண்ணிக்கும் பொகைக்கும் வாரிக் குடுத்தாச்சு. இத இங்கதான் பெறுவேன், இங்கதான் வளப்பேன். ஒங்க காயிதத்துக்கிட்ட சொல்லிருங்க.”

காகிதத்திடம் சொல்வது என் வேலைதான். அதன் பதிலைக் கேட்க ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

கார் தள்ளிய புண்ணியம்

அந்த பங்களாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்று அந்த இடத்தில் ஏழெட்டு மாடிக் கட்டடம் நிற்கிறது. கீழே கார்கள் நிற்கின்றன.

செம்பூர் நெல்வயலும் மாந்தோப்புமாக இருந்த காலத்தில், பருத்தித் தரகில் சம்பாதித்த ஒரு பார்ஸிக்காரர் சனி, ஞாயிறுகளில் வந்து இளைப்பாறக் கட்டிய தோட்ட வீடு அது. மங்களூர் ஓடு, சுற்றிலும் மர வராந்தா, தித்திப்பான தண்ணீர் உள்ள கிணறு. மாடியில் நின்றால் டிராம்பே பக்கத்துக் கழிமுகம் வெள்ளித் தகடு போலத் தெரியும். பிற்பாடு சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகள் வந்து அந்த வெள்ளிக்குக் களிம்பு ஏற்றின.

உலகப் போரின்போது ராணுவ அதிகாரிகள் வீட்டை எடுத்துக்கொண்டார்கள். போகும்போது அறைக் கதவுகளில் வெள்ளைப் பெயின்டில் எழுத்துக்களை விட்டுப் போனார்கள். குளியலறையில் ‘ஆபீஸர்கள் மட்டும்’. சண்முகமும் பேச்சியம்மாளும் குடியிருந்த பின்னறையில் ‘ஸ்டோர்ஸ்’.

இங்கே ஒரு நடைமுறை ரகசியம். சர்க்கார் ஒருமுறை எடுத்த வீட்டின் கோப்பு சாவதில்லை. எங்கோ ஓர் அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். பம்பாயில் அதிகாரிகளுக்கு வீடு கிடைக்காத அந்த வருஷங்களில் யாரோ அதைத் தட்டி எழுப்பியிருக்கிறார்கள்.

வீடு எங்களுக்குக் கிடைத்த கதை வேறு. ஒரு மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர். நடுவே ஒரு பழைய ஆஸ்டின் கார், அதற்குள் ஒரு பார்ஸி அம்மாள். மன்றத்துப் பையன்கள் காரைத் தள்ளிக்கொண்டு போய் தாதர் பார்ஸி காலனியில் அவர் வீட்டு வாசலில் விட்டார்கள். அதோடு நின்றிருந்தால் அந்த அம்மாள் நன்றி சொல்லி அனுப்பியிருப்பார். இவர்கள் காருக்குள் புகுந்த சேற்றை வழித்து, துடைத்து, துடைத்த துணியையும் அலசிப் பிழிந்து கைப்பிடிச் சுவரில் காயப் போட்டுவிட்டு வந்தார்கள்.

தீனாபாய் என்ற அந்த அம்மாள் அசந்துபோய்விட்டார். பருத்தித் தரகரின் மருமகள். பிள்ளைகள் இல்லை, முழங்கால் வலியால் செம்பூர்ப் பக்கமே போவதில்லை. வீட்டை நாங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றார். ஆனால் வாடகை ரசீதை மன்றத்தின் பேரில் எழுத மறுத்துவிட்டார்.

“கமிட்டி என்றால் சண்டை போடும். எனக்கு ஒரு மனுஷன் பேர் சொல்லுங்கள். அந்த வீட்டில் ராத்திரி யார் படுக்கிறானோ அவன் பேர்” என்றார், அவருடைய பார்ஸி இந்தியில்.

அப்படித்தான் சண்முகம் வாடகைக்காரர் ஆனார். வாடகைக்காரர், உண்மையாகவே குடியிருப்பவர், ஆறு மாதத்துக்கு மேல். விதியின் ஒவ்வொரு சொல்லும் எங்கள் பக்கம்.

பிறகு வீடு எப்படிக் காலியாயிற்று?

தடம் தெரியக் கூடாது

ராஜமணியின் மன்றத்தில் ஒரே ஒரு கட்டளைக்குத்தான் மன்னிப்பு இல்லை: போகும் இடத்தில் நாம் வந்த தடம் தெரியக் கூடாது.

ஞாயிறு மாலை பயிற்சி முடிந்ததும் வராந்தாவைக் கழுவுவோம். காலடி பட்ட மணலைச் சீவி விடுவோம். டீ குடித்த டம்ளர்கள் அலமாரிக்குள் போய்விடும். கிணற்றுக் கயிறு கூட வட்டமாகச் சுருண்டு, முனை உள்ளே மடங்கி இருக்க வேண்டும். கயிற்றின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததற்காக ஒரு வங்கி குமாஸ்தா தோட்டத்தைச் சுற்றி ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சட்டம் சண்முகம் தம்பதிக்கும் உண்டு. காலையில் பாய் சுருண்டு பரணுக்குப் போகும். கரி அடுப்பு கழுவப்பட்டு மூலைக்குப் போகும். துணி பின்புறம், வெளியே தெரியாத கொடியில் காயும். பேச்சியம்மாள் முதலில் முணுமுணுத்தாள். பிறகு அவளுக்கே அது பிடித்துப்போய், எங்களை மிஞ்சிவிட்டாள்.

போதாக்குறைக்குக் காலமும் கெட்டுக் கிடந்தது. தெற்கத்திக்காரர்கள் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று சுவர்களில் எழுதினார்கள். மாதுங்காவில் எனக்குப் பழக்கமான ஒரு ஹோட்டலின் கண்ணாடி அலமாரியைக் கல்லால் உடைத்தார்கள். ரயிலில் தமிழ்ப் பத்திரிகையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்வோம். வாசலில் தொங்கிய எங்கள் மன்றத்துப் பலகையை ராஜமணியே ஒருநாள் கழற்றி உள்ளே வைத்தார். ராணுவத்தில் இருந்த மனுஷர்; பிடுங்கிய ஆணியைக் கூட வெளியே விடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் பார்க்காதது போல இருந்தேன்.

நோட்டீஸ் வருவதற்குச் சில வாரங்கள் முன்னால், ஒரு வேலை நாளில் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்திருக்கிறார். சண்முகம் வேலைக்குப் போயிருந்தார். பேச்சியம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். பலகை இல்லை. கொடியில் துணி இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால் கழுவித் துடைத்த தரை. பக்கத்துத் தோட்டக்காரனைக் கேட்டதற்கு, ‘இத்வார் கோ லோக் ஆதே ஹைன்’ என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருவதைச் சொல்லியிருக்கிறான். நோட்டீஸில் எடுத்துக்காட்டியிருந்த அறிக்கையில் இன்ஸ்பெக்டர் எழுதியது: ‘வீடு காலியாக உள்ளது. மிக நன்றாகப் பராமரிக்கப்பட்டுள்ளது. அதிகாரி குடியிருக்க ஏற்றது.’

நற்சான்றிதழ் கொடுத்து வீட்டைப் பிடுங்குவதை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன்.

“ஸ்குவாட்! வீட்டைக் கலை!”

மனுவை ஆங்கிலத்தில் நான் எழுதினேன். சண்முகம் தமிழில் கையெழுத்துப் போட்டார். மறுபடி ஒருமுறை வந்து பார்வையிட வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதில் அனுப்ப வேண்டிய முகவரியாக என் மாதுங்கா முகவரியைக் கொடுக்கலாமா என்று ராஜமணி கேட்டார்.

“கெடுத்தேளே! அங்கே குடியிருக்கறவனுக்கு மாதுங்காவிலே என்ன தபால்? பங்களா முகவரிதான் போடணும்” என்றேன். என் சாமர்த்தியத்தை எல்லாரும் மெச்சினார்கள்.

இனி இன்ஸ்பெக்டர் எந்த நாளும், எந்த நேரமும் வரலாம். வரும்போது வீட்டில் ஆள் வாழும் அடையாளம் தெரிய வேண்டும். அடுத்த ஞாயிறு ராஜமணி அணிவகுப்பை நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் வாழ்நாளில் சொல்லாத கட்டளையைச் சொன்னார்.

“ஸ்குவாட்! வீட்டைக் கலை!”

யாரும் அசையவில்லை.

பிறகு ஒருவர் தயங்கிப் போய்ச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். போட்டபின் கை சும்மா இருக்கவில்லை. காலரை நீவி மடித்து வைத்தார். இன்னொருவர் வாழைப்பழத் தோலைத் தரையில் போடச் சொன்னதற்கு, முதலில் பேப்பரை விரித்து அதன் நடுவில் வைத்தார். நான் இரண்டு புத்தகங்களைத் தாறுமாறாகப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் யாரோ அவற்றை உயர வரிசையில் அடுக்கியிருந்தார்கள்.

பேச்சியம்மாள் நிலைப்படியில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

“குப்ப போடக்கூடத் துப்பில்லாத ஆம்பளையள இன்னைக்குத்தான் பாக்கேன்” என்றாள். “நவுருங்க, நவுருங்க.”

அவளே முன் வராந்தாவில் கொடி கட்டினாள். சண்முகத்தின் வேட்டியும் அவளுடைய புடவையும் அதில் ஏறின. வராந்தாவில் வற்றல் மிளகாய் காய்ந்தது. முருகன் படம் முன் ஹாலுக்கு வந்தது. ராஜமணி அந்தக் கொடியைப் பார்க்க மனமில்லாமல் தோட்டத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஆனால் புதன்கிழமை ஆபீஸ் விட்டதும் நான் ரயிலேறிப் போய்ப் பார்த்தால் வராந்தா பளிச்சென்று இருந்தது.

“என்னம்மா இது? மிளகாய் எங்கே?”

“காஞ்சிட்டு சார். எடுத்து வச்சிட்டேன்.”

“கொடி?”

“துணியும் காஞ்சிட்டு.”

“இன்னிக்கு அவன் வந்திருந்தா?”

அவள் அப்போதே கொடியைக் கட்டி ஒரு வேட்டியை நனைத்துப் போட்டாள். அன்று முதல் ஈரத்துணி ஒன்றாவது எப்போதும் கொடியில் தொங்கியது. காய்ந்துவிட்டால் மறுபடி நனைத்துப் போட்டாள். சண்முகம் வேலையிலிருந்து வந்ததும் முதலில் கேட்பது, ‘எவனும் வந்தானா?’ என்றுதான். எவனும் வரவில்லை என்றால் நிம்மதியா, கவலையா என்று அவருக்கே தெரியவில்லை. எனக்கும் ஆபீஸில் கூட்டல் தப்பியது. நடுப்பகலில், இந்நேரம் அவள் கடைக்குப் போயிருப்பாளோ, கதவு பூட்டியிருக்குமோ என்று தோன்றும்.

பொம்பில்

வைகாசி கடைசியில், மழைக்கு முந்தைய புழுக்கத்தில், ஒரு ஞாயிறு நான் போனபோது பேச்சியம்மாள் வாசலிலேயே சொன்னாள்.

“வந்துட்டுப் போயிட்டான் சார்.”

“யாரு? இன்ஸ்பெக்டரா?”

“பேன்ட் போட்டவன் ஒருத்தன், காக்கி ஒருத்தன். டிராம்பேலேருந்து மீன்காரி வருவாள்ல, அவகிட்ட பொம்பில் வாங்கிக் கழுவிக்கிட்டு இருந்தேன். கதவத் தட்டுதான். ‘கோன் ஹை?’ன்னேன். ‘சர்க்காரி ஆத்மி, அந்தர் தேக்னா ஹை’ங்கான். உள்ள பாக்கணுமாம். ‘மரத் கர் மே நை, ஷாம் கோ ஆவ்’ன்னேன்.”

“அப்புறம்?”

“ஆம்பள இல்லாத வீடு, சாயங்காலம் வான்னு சொன்ன பொறவும் வாசப்படியில கால வச்சான். கைய ஒதறினேன்.”

“எந்தக் கையை?”

“மீன் கழுவுன கையத்தான்.”

“அவர் மேலே பட்டுதா?”

“மூஞ்சியில” என்றாள். “சட்டையிலயும் கொஞ்சம்.”

அவரை வரச் சொல்லி எழுதியது நாங்கள். வந்தவரை மீன் தண்ணீர் தெளித்துத் துரத்தியதும் நாங்கள். அரசு ஊழியரைக் கடமை செய்ய விடாமல் தடுத்தல் என்று தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. அந்த வருஷம் இருந்த சூழ்நிலையில், ஒரு மதராஸிப் பெண் மராத்தி அதிகாரியைத் தாக்கினாள் என்று எவனாவது கிளப்பிவிட்டால்? சண்முகம் கிணற்றுக் கயிற்றைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

“நான் தப்பு செஞ்சிட்டேனா சார்?” என்றாள் பேச்சியம்மாள். அவள் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை.

“பார்க்கலாம்மா” என்றேன். குமாஸ்தாக்களின் அகராதியில் அதற்கு, எனக்குத் தெரியாது என்று பொருள்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு கோட்டைப் பகுதியில் இருந்த அந்த அலுவலகத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு மூன்று விதமான வாக்கியங்களைத் தயார் செய்திருந்தேன். இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர், களைத்த முகம். செம்பூர் பங்களா என்று சொல்லி நான் முதல் வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் அவரே கேட்டார்.

“அந்த பாயி பொம்பில் எங்கே வாங்குகிறாள்?”

“டிராம்பேயிலிருந்து வரும் மீன்காரியிடம், ஸாஹப்.”

“ஏக்தம் தாஜா!” என்று தலையை ஆட்டினார். “என் வீட்டில் கிடைப்பது மூன்று நாள் பழசு.”

அறிக்கையில் என்ன எழுதினீர்கள் என்று நான் கேட்கக் கூடாது. கேட்டேன். அவர் சொல்லக் கூடாது. சொன்னார். ‘வாடகைக்காரரின் மனைவி, கணவர் இல்லாதபோது உள்ளே விட மறுத்தார். வீட்டுக்குள் மீன் சமைக்கும் வாசனை இருந்தது.’

நான் மரக்கறி தவிர வேறொன்றும் தொடாத குடும்பத்தில் பிறந்தவன். பொம்பில் கூடை ரயிலில் ஏறினால் அடுத்த பெட்டிக்கு மாறுகிறவன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்த வாசனைக்கு மனதாரக் கை கூப்பினேன். உள்ளே விட மறுக்க வேண்டுமென்றால் உள்ளே ஓர் ஆள் இருந்தாக வேண்டும். நாங்கள் மாதக்கணக்கில் கொடி கட்டிச் சாதிக்காததை அவள் ஒரு உதறலில் கோப்பில் ஏற்றிவிட்டாள்.

“அப்படியானால் வீடு தப்பித்தது இல்லையா?” என்றேன்.

இன்ஸ்பெக்டர் கையால் மேல்மாடியைக் காட்டினார். “நான் எழுதுவேன். அவர்கள் முடிவு செய்வார்கள். ஜவாப் ஆயேகா.”

பதில் வரும்.

பதில் வராத வரை

ஆடியில் குழந்தை பிறந்தது. கொட்டுகிற மழையில் தாராவியிலிருந்து மருத்துவச்சியைக் கூட்டி வந்து, ‘ஸ்டோர்ஸ்’ என்று எழுதிய கதவுக்குப் பின்னால் பேச்சியம்மாள் ஒரு பெண்ணைப் பெற்றாள். குழந்தை நன்றாக வீறிட்டு அழுதது. அதைக் கேட்டுச் சண்முகமும் அழுதார்.

பதில் வரவில்லை.

புரட்டாசி போயிற்று, தீபாவளி போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் அவள் என்னைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்துவாள். நான் உதட்டைப் பிதுக்குவேன். ஒருநாள் சண்முகம் கேட்டார்.

“திடீர்னு ஒருநா வந்து சாமானத் தூக்கி வெளிய வச்சிருவாங்களா சார்?”

“முடியாது. மனு கொடுத்திருக்கோம். அதுக்குப் பதில் வராத வரைக்கும் வழக்கமா யாரும் தொடமாட்டா” என்றேன்.

பேச்சியம்மாள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “அப்ப பதில் வராம இருந்தா நல்லதுதானே?”

“ஒரு விதத்துல நல்லதுதான்.”

“அப்படிச் சொல்லுங்க” என்று குனிந்துகொண்டாள். அதை அவள் எனக்கு முன்பே கண்டுபிடித்து, அதன்படி நடக்கவும் தொடங்கியிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

ராஜமணி நினைவூட்டல் கடிதம் எழுதச் சொன்னார். மாதுங்காக்காரர்களுக்கு ஒரு கடிதம் பதிலில்லாமல் கிடந்தால் தூக்கம் வராது. நான் மறுத்தேன். தூங்குகிற கோப்பைத் தட்டுவானேன்? பதிலுக்காக ஏங்கிய நாங்கள், எப்போதிலிருந்து பதிலுக்குப் பயப்படத் தொடங்கினோம் என்று சொல்ல முடியவில்லை. செம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் முதலில் நான் பார்ப்பது, பங்களாவின் ஓட்டுக் கூரைக்கு மேல் அடுப்புப் புகை தெரிகிறதா என்றுதான்.

மறு ஆடி வந்தது. தீனாபாய் ஆள் விட்டார். வயதாகிவிட்டது, விவகாரம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும் என்றார். வேறு வழியில்லாமல் மறுபடி கோட்டைக்குப் போனேன். பொம்பில் விசாரித்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார்.

தபால் அனுப்பும் பிரிவில் முலுண்டிலிருந்து வரும் பாலக்காட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சண்முகத்தின் பெயரைச் சொன்னதும் இழுப்பறையைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். பதிவுத் தபால். முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

“ரெண்டு தடவை போயி ரெண்டு தடவை திரும்பி வந்திருக்கு ஸார். பாருங்கோ, ‘வாங்க மறுத்தார்.’”

நான் கையை நீட்டினேன்.

“கொடுங்கோ. பார்த்துட்டுத் தரேன்.”

“நீங்க சண்முகமா?”

“இல்லை. மனுவை எழுதினவன்.”

“எழுதினவாளுக்குப் பதில் கிடையாது ஸார். கையெழுத்துப் போட்டவாளுக்குத்தான்.”

அவர் சொன்னது முற்றிலும் சரி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். விஷயம் உள்ளே இருக்கிறது. நான் வெளியே நிற்கிறேன். திரும்ப அனுப்ப வேண்டுமானால் வாடகைக்காரர் எழுதிக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இழுப்பறையை மூடினார்.

கவர்

நேராகச் செம்பூருக்குப் போனேன். குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டிருந்தது.

“ஆமா, நான்தான் வேண்டாம்னேன்” என்றாள் பேச்சியம்மாள். “மொதத் தடவ இவளப் பெத்துக் கெடந்தப்ப வந்தான் தபால்காரன். சர்க்கார் முத்திரையப் பாத்தேன். போய்யான்னுட்டேன். நீங்களும் பொறவு சொன்னீயள்ல, பதில் வராத வரைக்கும் தொடமாட்டாவன்னு?”

விதியை நான் சரியாகத்தான் சொன்னேன். அவளும் சரியாகத்தான் புரிந்துகொண்டாள். மறுத்த தபால், சேர்ந்த தபாலுக்குச் சமம் என்று இன்னொரு விதி உண்டு. அதை நான் அன்று சொல்லவில்லை.

“எனக்கே சொல்லலையேடி” என்றார் சண்முகம்.

“ஒங்களுக்குச் சொன்னா இருமுவீய.”

“இப்ப எழுதிக் கேட்டா மறுபடி அனுப்புவா. வாங்கிக்கோம்மா” என்றேன்.

“நல்ல சேதியா சார்?”

“தெரியாது.”

“தெரியாமலா வாங்கச் சொல்லுதீய? வாங்கினா வீடு போவுமா, போவாதா?”

“போகலாம். போகாமலும் இருக்கலாம்.”

“வாங்காட்டா?”

“எப்ப என்ன நடக்கும்னு தெரியாம இருக்கணும்.”

குழந்தை சுவரை விட்டுவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தது.

“இவ நடக்கட்டும்” என்றாள் கடைசியில். “ரெண்டும் நடக்காமலே போச்சு சார். இவ இந்தத் தரையில நாலு எட்டு வைக்கட்டும். அதுக்குப் பொறவு எந்தக் காயிதம் வந்தாலும் வாங்குதேன்.”

எந்தச் சட்டத்திலும் இப்படி ஒரு கெடு இல்லை. ஆனால் செயலாளர், தலைவர், வாடகைக்காரர் மூவரும் அதை ஏற்றுக்கொண்டோம். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மன்றத்தின் முக்கிய அலுவல் அந்தக் குழந்தையை நடக்கவைப்பதுதான். ராஜமணி மண்டியிட்டு, ‘லெஃப்ட்... ரைட்...’ என்பார். அது அவருடைய மீசையைப் பிடித்து இழுத்துவிட்டுத் தவழ்ந்தே போய்விடும். அது சீக்கிரம் நடக்க வேண்டுமா, மெதுவாக நடக்க வேண்டுமா என்று எங்களில் யாருக்கும் நிச்சயமில்லை. விழுந்தால் கவலைப்பட்டோம். எழுந்தால் அதைவிடக் கவலைப்பட்டோம்.

ஒரு ஞாயிறு, கழுவிய வராந்தாவின் ஈரத்தில் அது தூணை விட்டுவிட்டு நடந்தது. யாரும் கைதட்டவில்லை. பேச்சியம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் பேனாவை எடுத்து எழுதினேன். சண்முகம் கையெழுத்துப் போட்டார்.

தபால்காரர் வருவார் என்று எதிர்பார்த்த நாளில் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். அன்று வரவில்லை. மறுநாளும் இல்லை. அடுத்த வாரம் சண்முகமும் நானும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது சைக்கிள் மணி கேட்டது. சண்முகம் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் என்னிடம் நீட்டினார். பேச்சியம்மாள் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஒரே பத்தி. வாடகைக்காரர் குடும்பத்துடன் உண்மையாகவே குடியிருப்பது உறுதியானதால் கையகப்படுத்தும் யோசனை கைவிடப்பட்டது. மேலே தேதி போட்டிருந்தது. குழந்தை பிறப்பதற்கு முந்தைய மாதம்.

தமிழில் சொன்னேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. சண்முகம் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பேச்சியம்மாள் கவரை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“ஏன் சார், நல்ல சேதின்னா கவரு மேலயே நல்ல சேதின்னு எழுத ஒங்க சர்க்காருக்குத் தெரியாதா?”

“அதுக்கு விதியிலே இடமில்லைம்மா” என்றேன். பணி ஓய்வு பெறும்வரை எத்தனையோ நடைமுறைக் கையேடுகளைப் புரட்டிவிட்டேன். இன்றும் இடமில்லை.

ஆனியில் எழுதிய பதில் எங்கள் கைக்கு வந்தது மறு வருஷம் புரட்டாசி மாதம், மூன்றாவது திங்கட்கிழமை.